ஒற்றை நட்சத்திரம்



தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ள எங்கள் பழைய வீட்டை, வாப்பாவின் மறைவுக்குப் பின், சாரல் காலத்தில் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு வருகிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதங்கள்தாம் எங்களுக்குச் சீசன். செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சாரலை அள்ளி வரும், அருவிகள் நிறையும், ரம்புட்டானும் மங்குஸ்தானும் சாலையோரக் கடைகளில் குவியும். ஆண்டு முழுதுக்குமான வீட்டு வரியும் வெள்ளையடிப்பும் மோட்டார் பழுதும் அந்த மூன்று மாத வருவாயில்தான் நடந்தாக வேண்டும். ஆகவே, முன்பின் அறியாத ஒருவர் எங்கள் வீட்டைப் பற்றி இணையத்தில் எழுதும் நான்கு வரிகள் எங்கள் அடுப்பு வரை எட்டும்.

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு குடும்பம் வந்தது. ஆறு பேருக்குப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்பது பேர் இறங்கினார்கள். வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்தி எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. கூடுதல் பாய்களை எடுத்துக் கொடுத்தேன். அன்றிரவு மலையில் பெருமழை. விடிந்தபோது பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. காவல்துறையினர் குளிக்கத் தடை விதித்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றதை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் குளிப்பதற்கென்றே நெடுந்தொலைவு வந்தவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. அருவியின் குழாயை நானே அடைத்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்கள். மறுநாள் மாலை சிறிது நேரம் தடை நீங்கியது; குளித்தார்கள்; அடுத்த நாள் காலையில் புறப்பட்டுச் சென்றார்கள்.

இரண்டு நாள் கழித்து மதிப்புரை வந்தது. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அருவியில் குளிக்க முடியவில்லை என்பது முதல் குறை. வீடெங்கும் ஈரவாடை, துணி உலரவில்லை என்பது இரண்டாவது. குழந்தையின் வெள்ளிக் கொலுசில் ஒன்று காணாமற்போய்விட்டது, வேலைக்கு வரும் பெண்ணிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்பது மூன்றாவது.

புறப்படும்போது கொலுசைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அருவியின் வேகத்தில் கால் கொலுசும் மோதிரமும் நழுவுவது எங்கள் ஊரில் அன்றாடக் கதை. ஆயினும் நான் வீடெல்லாம் தேடினேன், குளியலறைச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தேன், கட்டிலடியைத் துழாவினேன். கிடைக்கவில்லை.

அந்த வாரமே இரண்டு பதிவுகள் ரத்தாயின. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைத்து, சாவியைத் தம் முந்தானையில் முடிந்து வைத்திருப்பவர் அந்த அக்கா. அவர் வாசற்படியில் நின்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. “பாய், எம் பிள்ள போன்ல படிச்சுக் காட்டுச்சு. நா எடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?”

சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மதிப்புரையை நீக்குமாறு அந்தத் தளத்துக்கு எழுதினேன். அது விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. ஏர்பிஎன்பியில் விருந்தினருக்கும் வீட்டுக்காரருக்கும் 14 நாள் அவகாசம் உண்டு. இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது அவகாசம் தீரும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. கோபத்துக்குக் கோபம் எழுதுவதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. என் வீடு இருப்பதோ வேறொரு தளத்தில். அங்கே எழுதியது உடனே ஊருக்குத் தெரிந்துவிடும்; நமக்குக் கீழே பதில் எழுத மட்டுமே இடமுண்டு.

இஷாவுக்குப் பின் உட்கார்ந்து பதில் எழுதினேன். ஆறு பேர் என்று சொல்லி ஒன்பது பேர் வந்தது, அடுப்படியை அவர்கள் விட்டுச்சென்ற நிலை, குடும்பத் தலைவர் தம் மனைவியை அதட்டிய விதம் வரை எழுதிவிட்டேன். எழுத எழுத இனித்தது. அனுப்பும் முன், அந்த இனிப்பே என்னை நிறுத்தியது.

சுபுஹு தொழுதபின் பள்ளி இமாமிடம் கேட்டேன். “ஹஜ்ரத், இது புறம் பேசுதலில் சேருமா?”

அவர் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை நினைவூட்டினார். தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி அந்தப் பெண்மணி ஆலோசனை கேட்டபோது, ஒருவருடைய வறுமையையும் மற்றவருடைய கடுமையையும் நபி (ஸல்) அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சூழல்களை இமாம் நவவீ வகுத்திருக்கிறார். அநீதியை முறையிடுவதும் பிறரை எச்சரிப்பதும் அவற்றில் அடங்கும். “அவர் மனைவியை அதட்டியது இந்த ஆறில் எதில் வருகிறது தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு, “வீட்டில் ஈரம் உண்டா?” என்றார். உண்டு என்றேன். சாரல் காலத்தில் எந்த வீட்டில்தான் இல்லை! கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டபோது விரலில் ஈரம் பட்ட செய்தியை அவர் சொன்னார். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை ஏன் மக்கள் காணும்படி மேலே வைக்கவில்லை என்பதே நபியவர்களின் கேள்வியாக இருந்தது. பல முறை கேட்ட ஹதீஸ்தான். என் விளம்பரத்தில் இருந்த படங்கள் அனைத்தும் பளிச்சென்ற வெயிலில், மார்ச் மாதத்தில் எடுத்தவை என்பது அன்றுதான் உறைத்தது.

வீடு திரும்பி அந்நிஸா அத்தியாயத்தை எடுத்தேன். தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதில் அநீதிக்குள்ளானவருக்கு விலக்கு உண்டு என்பது 148ஆம் வசனத்தின் கருத்து. அடுத்த வசனமே மன்னிப்பின் பக்கம் திரும்புகிறது. என் வீட்டைப் பற்றி எழுதியதை நான் மன்னிக்கலாம். ரத்தான பதிவுகளையும் மன்னிக்கலாம். அக்காவின் மேல் விழுந்த பழியை மன்னிக்க நான் யார்? அது என் உடைமை அல்லவே. அதில் நான் வாய்மூடி இருந்தால் அது பெருந்தன்மையாகத் தோன்றலாம். உண்மையில் அது அவரைக் கைவிடுவது.

ஆகவே பழைய பதிலை அழித்துவிட்டு நான்கு வரிகள் எழுதினேன். ஈரவாடை உண்மை, அதை முன்பே சொல்லாதது என் தவறு. குளிக்கத் தடை பாதுகாப்புக்காகக் காவல்துறை விதித்தது. கொலுசு காணவில்லை என்று தங்கியிருந்தபோதோ புறப்படும்போதோ எவரும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பணிபுரிபவர் எட்டு ஆண்டுகளாகச் சாவியை வைத்திருப்பவர், இதுவரை எவர் பொருளும் தொலைந்ததில்லை, அவருக்கு நான் சாட்சி. விருந்தினரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

விளம்பரத்தின் முதல் வரியையும் மாற்றினேன்: சீசனில் சுவர்கள் ஈரமாக இருக்கும், துணி எளிதில் உலராது, எந்த நாளிலும் குளிக்கத் தடை வரலாம். மழை நாளில் எடுத்த படங்களைச் சேர்த்தேன். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. “இப்படி எழுதினா யாரு வருவா?” என்றார்.

அக்காவின் வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். பதிலை அவருடைய மகளே உரக்கப் படித்தாள். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து ஒரு நிபந்தனை வைத்தார்: விருந்தினர் புறப்படும் முன், அவர்கள் முன்னிலையில்தான் அறைக்குள் நுழைவேன், அலமாரி, கட்டில், குளியலறை எல்லாவற்றையும் அவர்களும் சேர்ந்து பார்க்க வேண்டும். அது அப்படியே நடந்துவருகிறது. சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இந்த ஜூனில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார், “ஈரவாடை இருக்குமாமே?”

“இருக்கும்” என்றேன்.

யோசித்துச் சொல்வதாகக் கூறினார். பிறகு அழைக்கவில்லை. அடுத்த வாரம் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது; துணி உலர்த்தத் தனிக் கொடியும் ஒரு மின்விசிறியும் கேட்டார்கள். அக்கா கொடி கட்டிக் கொடுத்தார்.