முதற் கைத்துப்பாக்கி

தலைப்பைக் கண்டு அன்பர்கள் திகைக்க வேண்டாம். பொங்கல் விழாவும் இசையரங்கும் பேசப்படும் நம் இதழில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஆனால் சென்ற ஆண்டுவிழாவன்று அன்பர் மூவர் நம்மைத் தனியே அழைத்து, "ரிவால்வர் வாங்கப் போனீர்களாமே, புதிதாக வாங்குபவனுக்கு எது நல்லது?" என்று வினவினர். மூவருக்கும் தனித்தனியே கூறியதை இங்கு ஒருசேர எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டின் இறுதியில், தில்லியின் கடுங்குளிரில் ஓரிரவு, நம் அடுத்த வீட்டில் திருடர் புகுந்தனர். அவ்வீட்டுப் பெரியவரைக் கட்டிப் போட்டுவிட்டு, கைக்கு அகப்பட்டதை அள்ளிச் சென்றனர். நாள்தோறும் நம்மோடு பால் வாங்க நடந்து வருபவர் அவர். மறுநாள் அவருடைய மணிக்கட்டில் கயிற்றின் தடம் கண்டோம். அன்று முதல் நமக்கு உறக்கம் போயிற்று. ஊரிலென்றால் ஒரு குரல் கொடுத்தால் தெருவே திரண்டு வரும். இங்கே குரல் கொடுத்தால் யார் வருவார்? முப்பதாண்டு வாழ்ந்த பின்பும், அயலூர் என்னும் அச்சம் நெஞ்சின் ஒரு மூலையில் பதுங்கியே இருந்தது போலும். கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம். அதுவரையில் நாம் பிடித்த துப்பாக்கியெல்லாம் பொருட்காட்சியில் பலூன் சுட்ட துப்பாக்கியே.

முதலில் சட்டம் குறுக்கிட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றிக் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமத்தின் காலமும் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று. 2016ஆம் ஆண்டு விதிகளோ, பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வீட்டில் எங்ஙனம் பூட்டி வைப்போம் என்று உறுதிமொழியும் கேட்கின்றன. படிவத்தில் அந்தக் கேள்வியைக் கண்டபோது, "அலமாரியில்" என்று எழுதிவிடலாம் எனக் கருதினோம். அக்கேள்வியே பின்னர் நம்மை ஆட்டி வைக்கும் என்று அன்று அறியோம்.

உரிமம் வருமுன்னே கடைக்குச் சென்று பார்த்தோம். திரைப்படங்களில் காணும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் நம் போன்றோருக்குக் கிடையாது. அது தடைசெய்யப்பட்ட அளவு. பெரும்பாலும் நமக்கு உரியது .32 அளவே. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். அருகில் 2014இல் பெண்களை முன்னிட்டு வெளிவந்த 'நிர்பீக்' ரிவால்வரையும் வைத்தார். அதன் எடை ஏறக்குறைய 500 கிராம்தான். கையிலெடுத்ததும், எடை குறைந்ததே நமக்கு ஏற்றது என்று துள்ளினோம். அது பேதைமை என்பது பயிற்சிக் களத்தில் விளங்கிற்று.

பயிற்சி அளித்தவர் ஓய்வு பெற்ற சுபேதார். சிரிக்க மாட்டார், ஆனால் ஒன்றை நூறு முறை கேட்டாலும் சலிக்க மாட்டார். "பாபுஜி, துப்பாக்கி எடை குறையக் குறைய அதன் உதை கூடும். பையில் சுமப்பவனுக்கு இலேசானது சுகம், சுடக் கற்பவனுக்குக் கனமானதே சுகம்" என்றார். பிறகு நம் கையை அளந்தார். பிடியைப் பற்றிய நிலையில், சுட்டு விரலின் முதற் கணு விசையின்மேல் இயல்பாகப் படிய வேண்டும். எட்டிப் பிடித்தால் குறி விலகும் என்றார். கையில் அமையாத துப்பாக்கி, எத்துணை விலையுயர்ந்ததாயினும், காலுக்குப் பொருந்தாத செருப்பே.

ரிவால்வரா, பிஸ்டலா என்ற வினாவிற்கும் அவர் விடை பகர்ந்தார். ரிவால்வரைத் திறந்தால் ஆறு அறைகளும் கண்முன் தெரியும். தோட்டா உண்டா இல்லையா என்பதில் மயக்கமில்லை. ஒரு தோட்டா வெடிக்காமற் போனாலும், மீண்டும் விசையை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். ஆனால் அவ்விசை கடினமானது. இழுக்கும்போதே கை நடுங்கும். பிஸ்டலின் விசை பெரும்பாலும் மெல்லியது. தோட்டாக்களும் மிகுதியாகக் கொள்ளும். ஆனால் அதற்குள் ஓர் ஏமாற்று உண்டு என்றார். அந்த ஏமாற்று யாதென்று நாமே கண்டறிய நேர்ந்தது.

கற்பவர்க்கு அங்கே முதலில் கொடுப்பது .22 பிஸ்டல். உதை சிறிது, ஓசை சிறிது, தோட்டாவின் விலையும் சிறிது. அஞ்சி அஞ்சிக் கண்மூடும் பழக்கம் வாராது. நான்காம் நாள் நம் குண்டுகள் ஒருவாறு அட்டையில் விழத் தொடங்கின. பெருமிதம் தலைக்கேறிற்று. தோட்டா அடைக்கும் மாகசினைக் கழற்றி மேசைமேல் வைத்தோம். பிஸ்டல் வெறுமையாயிற்று என்ற நினைவோடு, அதைக் கையில் ஏந்தியவாறே, பின்னால் நின்ற நண்பரிடம், "பார்த்தீர்களா?" என்று திரும்பினோம். விரல் எங்கே இருந்தது என்பதைச் சொல்ல நாணுகிறோம்.

சுபேதார் நம் மணிக்கட்டைப் பற்றித் தரையை நோக்கி அழுத்தினார். பிஸ்டலை வாங்கி அதன் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தார். குழலின் அறையிலிருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. மாகசினைக் கழற்றினாலும் அறைக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயே இருக்கும். நண்பரின் முகம் வெளுத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு நடந்ததை வீட்டில் மறைக்காமல் கூறினோம். மனைவி நெடுநேரம் வாளாவிருந்தாள். பிறகு, "ஒன்று கேட்கட்டுமா? துப்பாக்கியைப் பூட்டி வைத்தால், திருடன் வரும்போது சாவி தேட நேரம் இராது. பூட்டாமல் தலைமாட்டில் வைத்தால், இரவு மூன்று மணிக்கு வேலை முடிந்து வருகிறானே நம் பிள்ளை, நாம் விழித்துவிடக் கூடாதென்று ஓசைப்படாமல் கதவு திறக்கிறானே, அந்த இருட்டில் உங்களுக்கு அவன் யாராகத் தெரிவான்?" என்றாள்.

உறுதிமொழிப் படிவத்தின் கேள்வியும் அதுவே. விடை நம்மிடம் இல்லை. விண்ணப்பத்தை மேற்கொண்டு நடத்தாமல் விட்டோம். அந்தப் பணத்தில் இரும்புக் கிராதிக் கதவு போட்டோம்; தெருவார் பத்து வீட்டினர் கூடி இரவுக் காவலர் ஒருவரை அமர்த்தினோம். குரல் கொடுத்தால் யார் வருவார் என்று அஞ்சினோமே, அந்தப் பத்து வீடுகளிலும் அதே அச்சம் இருந்ததை அப்போதுதான் அறிந்தோம்.

ஆயினும் சுபேதாரிடம் கற்றது வீண் போகவில்லை. கல்லூரியில் பயிலும் மகளோடு இன்றும் ஞாயிறுதோறும் களத்திற்குச் செல்கிறோம். காற்றுப் பிஸ்டலால் 10 மீட்டர் தொலைவில் சுடுகிறோம். அதன் குண்டு 4.5 மில்லிமீட்டர், அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான். 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்படாத அவ்வகைக்கு உரிமம் வேண்டா. எனினும் கண்ணைக் கெடுக்க வல்லதாதலின் அதையும் பூட்டியே வைக்கிறோம். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் பெற்றது இவ்வகைப் பிஸ்டலால்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் காற்றுத் துப்பாக்கி ஏந்தி இருமுறை ஒலிம்பிக் சென்றதை மகள் அடிக்கடி நினைவூட்டுகிறாள். வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு தனிப்பெருமை.

ஆகவே, கேட்ட மூவருக்கும் நம் விடை இதுவே: முதற் கைத்துப்பாக்கி கடையில் இல்லை, களத்தில் இருக்கிறது. காற்றுப் பிஸ்டலும் .22உம் கைக்கு அடங்கிய பின் கடையைப் பற்றி எண்ணுங்கள். அப்போதும் வாங்கியே தீர வேண்டுமாயின், கனமும் கையமைப்பும் பார்த்து எளிய ரிவால்வரைத் தேர்க. வெறுமையென்று எதையும் நம்பற்க. குழல்வாய் மனிதரை நோக்கலாகாது. சுடும் கணம் வரையில் விரல் விசையில் படலாகாது. இவற்றுக்கெல்லாம் முன்பு, வீட்டில் எங்கே பூட்டி வைப்போம் என்ற கேள்விக்கு உங்கள் இல்லத்தார் முன்னிலையில் விடை கூறுங்கள்.

இப்போதும் இரவு மூன்று மணிக்குக் கதவின் சாவி மெல்லத் திரும்பும். நாம் விழித்தே இருப்போம். "யாரது, தம்பியா?" என்போம். "நான்தான் அப்பா, தூங்குங்கள்" என்பான். தூங்கிவிடுவோம்.