அழுக்கின் அருமை

சுத்தம் சோறு போடும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சுத்தம் மீனைக் கொல்லும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை மூன்று தங்க மீன்களின் செலவில் நானாகவே கற்றுக்கொண்டேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது நிறைந்த அன்று, அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல் கொளத்தூருக்கு அழைத்துப் போனேன். சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்போன பேட்டை அது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

தொட்டி வாங்குவது பெரிய காரியமல்ல. வடிகட்டி வாங்குவதுதான் வாடகைக்கு வீடு பார்ப்பது மாதிரி. (வடிகட்டி என்றால் கடையில் விழிப்பார்கள்; ‘ஃபில்டர்’ என்று கேட்க வேண்டும்.) ஒரு தினுசு, வெறும் பஞ்சு உருளை; சின்னக் காற்றுப் பம்பு ஒன்று குழாய் வழியே காற்றை ஊத, குமிழிகள் மேலே கிளம்பும்போது தண்ணீரும் பஞ்சின் வழியாக இழுபட்டு வரும். இன்னொரு தினுசு, தொட்டியின் விளிம்பில் தொங்குவது. மோட்டார் நீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் பஞ்சின் வழியே செலுத்தி, மறுபடி தொட்டியில் சிற்றருவியாக விழ வைக்கும். பெரிய தொட்டிக்காரர்களுக்கு, தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கிற மூடிய டப்பா தினுசும் உண்டு. கடைக்காரர் பஞ்சு உருளையைக் காட்டினார். நான் அருவியைப் பார்த்தேன். குற்றாலமே கூடத்துக்கு வரும்போது வேண்டாம் என்று யார் சொல்லுவார்கள்?

“மணிக்கு நாலு தடவையாவது தொட்டித் தண்ணி பூரா ஃபில்டர் வழியா சுத்தணும் சார். உங்களுக்கு 200 லிட்டர்னு போட்டிருக்கிறது போதும். மீன் இப்போ ஒண்ணு வாங்குங்க, ஒரு மாசம் கழிச்சு மத்த ரெண்டு” என்றார் கடைக்காரர். தம் சரக்கைக் குறைத்து விற்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மாதம் சௌகரியமாகப் போயிற்று. பட்டு, குண்டு, ராணி என்று மகள் பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புத்தகப் பையைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டி முன்னால்தான் நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. எழுத்தாளனுக்கு எழுத்து வராத நாள் வீட்டுக்கு ஆபத்தான நாள். வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சு பழுப்பாக, வழவழவென்று, அருவருப்பாக இருந்தது. ‘ஐயோ, இதன் வழியாகவா என் மீன்கள் குடிக்கிற தண்ணீர் வருகிறது?’ என்று மனம் பதறியது. குழாயடியில் வைத்துக் கசக்கிக் கசக்கிப் பிழிந்தேன். கூழாங்கற்களையும் அள்ளிக் கழுவினேன். எல்லாவற்றையும் மொட்டைமாடி வெயிலில் உலர்த்தினேன். முதல் நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை நிரப்பினேன். தொட்டி கண்ணாடி போல மின்னியது. என் மனைவிகூடப் பாராட்டினாள். அதுவே ஒரு துர்ச்சகுனம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் காலையில் மூன்றும் மிதந்தன.

“ஏம்பா செத்துப் போச்சு?” என்று குழந்தை கேட்டாள்.

“கடைக்காரர் நோஞ்சான் மீனாகக் கொடுத்துவிட்டார்” என்றேன். யோசிக்கவேயில்லை, அவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

அடுத்த வாரம் மறுபடி கொளத்தூர். கடைக்குள் நுழைந்ததும் மகள் நேராகக் கேட்டுவிட்டாள்: “அங்கிள், நீங்க ஏன் எங்களுக்கு நோஞ்சான் மீன் கொடுத்தீங்க?”

மனிதர் என்னைப் பார்த்தார். “ஃபில்டரை எப்படிக் கழுவினீங்க சார்?” என்றார். பெருமையாகவே சொன்னேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு குழந்தை பக்கம் குனிந்து, “சில சமயம் அப்படி ஆயிடும் பாப்பா. போய் அந்தத் தொட்டியில பாரு, நல்லதாத் தேர்ந்தெடு” என்று அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் எனக்குப் பாடம் நடத்தினார்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷம். வேறொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது; அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். இந்த ஜீவன்களை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டு வாக்கிலேயே பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். ப்ளஸ் டூவில் ரசாயனம் படித்த எனக்கு அதைக் கடைக்காரர் சொல்ல வேண்டியிருந்தது. பஞ்சு நிறைந்து குடியேற மாதக்கணக்கு ஆகும். அந்த ஊரைத்தான் நான் குழாய்த் தண்ணீரின் குளோரினிலும் வெயிலிலும் ஒரே பகலில் அழித்திருக்கிறேன்.

“தொட்டித் தண்ணியையே ஒரு பக்கெட்டில் எடுத்து, அதுல ரெண்டு தடவை அமுக்கி எடுங்க. அவ்வளவுதான். கல்லையும் பஞ்சையும் ஒரே நாள்ல தொடாதீங்க” என்றார். இந்தத் தடவை பஞ்சு உருளையும் ஒன்று வாங்கினேன். இரண்டு இருந்தால் மாற்றி மாற்றி அலசலாம். கரண்ட் போனால் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்துவிடுமாம். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கச் சொன்னார். கடைசியாகத் தம் தொட்டியிலிருந்த அழுக்குப் பஞ்சை ஒரு பையில் பிழிந்து, கட்டிக் கொடுத்தார். “வீட்டுக்குப் போனதும் உங்க ஃபில்டர் பக்கத்துல ஊத்துங்க. இதுக்குக் காசு வேணாம்.”

ஆட்டோவில் ஒரு கையில் மீன், ஒரு கையில் அழுக்குத் தண்ணீர். அயனாவரம் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம், “அந்த மாமா மேல் தப்பில்லை அம்மா. நான்தான் கொன்றேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “அப்போ நான் அவரைத் திட்டினேனே, அவர் ஏன்பா ஒண்ணும் சொல்லலை?” என்றாள்.

பதில் தெரிந்தும் என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய் மன்னிப்புக் கேட்டு வந்தோம்.

இப்போது மாதம் ஒரு தடவை நான் பஞ்சை அலசும்போது அவள் பக்கத்தில் காவல் நிற்கிறாள். “போதும்ப்பா, போதும். கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்” என்கிறாள்.