கிண்ணியாவில் ஒரு கழுத்துக் கட்டி

திருகோணமலையிலிருந்து வரும் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் கடற்காற்று முகத்தில் அடிக்கும். 2009 இல் இந்த 396 மீற்றர் பாலம் திறக்கப்படும் வரை, மிதவைப் பாதைக்குக் காத்து நின்றே கடந்தோம். பிரசவ வலியோடு காத்திருந்த பெண்களின் கதைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

அன்று நான் போனது கடன் படிவம் ஒன்றை நிரப்ப. புழுக்கம் தாங்காமல் அந்த உம்மா முக்காட்டைத் தளர்த்தியபோதுதான் கழுத்தின் முன்புறத்தில் எலுமிச்சங்காயளவு கட்டியைக் கண்டேன்.

"எத்தன வருசம் உம்மா?"

"மூதூரால ஓடி வந்த வருசம் கண்டன் மகள். கவலையில வீங்கினதாக்கும். ஆசுபத்திரிக்குப் போனா அறுத்துப் போடுவாங்க எண்டு பயம்."

அது 2006. இத்தனை காலமும் முக்காட்டுக்குள்ளேயே மறைத்திருக்கிறார்.

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பிதான் தைரொயிட். அது முழுவதும் பெருத்தால் கழலை. உள்ளே தனியாகத் திரண்டால் கட்டி. ஆண்களைவிட எமக்கே இவை அதிகம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயல்ல. ஆனால் கையால் தொட்டுப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனை சுரப்பி கூடவோ குறையவோ வேலை செய்கிறதா என்று காட்டும். ஸ்கேன் கட்டியின் தன்மையைக் காட்டும். தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் சிறிது எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி எல்லோருக்கும் இல்லை. பலருக்கு இடைக்கிடை பார்த்துக்கொண்டாலே போதும். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலோ தாமதிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரி உப்பைக் கூடச் சாப்பிடச் சொன்னாராம். உம்மாவுக்கோ பிறசர்! எனக்குக் கோபமே வந்தது. அயடீன் குறைந்தால் கழலை வருவது உண்மை. முன்பு இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் அது அதிகம். 1995 இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. கடலோரத்தில் வாழ்வதால் மட்டும் நாம் தப்பிவிட மாட்டோம், அயடீன் சேர்க்காத கடலுப்பில் அது மிகக் குறைவு. ஆனால் வந்த கட்டி உப்பை அள்ளித் தின்பதால் கரையாது. எல்லாக் கட்டிக்கும் அயடீன் குறைவு காரணமுமல்ல. அயடீன் உப்பை மூடி வைத்து, அளவாகப் பாவித்தால் போதும்.

கண்ணாடியைக் கொடுத்து ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொன்னேன். கட்டி மேலேறி இறங்கியது. தைரொயிட் கட்டி அப்படித்தான் அசையும்.

உம்மா கண்ணாடியை நெடுநேரம் பார்த்திருந்தார்.

"திங்கக்கிழம போவம். நீயும் வா மகள்."