மகள் வாங்கிய வீடும் என் கூட்டல் கணக்கும்

எங்கள் தலைமுறையில் சென்னையில் வீடு வாங்குவது என்றால் கிரவுண்டு வாங்குவது. 2400 சதுர அடி. அதில் பாதியாவது கிடைக்காதா என்று நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் போனவர்கள் உண்டு. என்னைப் போன்ற யு.டி.சி.க்கள் பலருக்கு அதுவும் கூடவில்லை. மயிலாப்பூர் வாடகை வீட்டிலேயே பென்ஷன் வாங்கும் வயது வந்துவிட்டது.

இன்று பிள்ளைகள் வாங்குவது அடுக்ககத்தில் ஒரு வீடு. அதற்குக் கீழே நிலத்தில் ‘பிரிக்கப்படாத பாகம்’ என்று ஒரு எண் பத்திரத்தில் இருக்கும். யூ.டி.எஸ். என்பார்கள். கட்டடம் கிழடாகி ஒருநாள் இடிபடும்போது கையில் மிஞ்சுவது அந்த எண்தான்.

என் மகளுக்கு வயது 38. தனியாக இருக்கிறாள்; தரமணி டைடல் பார்க்கில் வேலை. போன வருடம் வீடு வாங்கப் போவதாகச் சொன்னாள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, இந்த மூன்றைத் தவிர வேறு ஊரே கிடையாது என்றாள். ஓ.எம்.ஆரில் இதே பணத்துக்குப் பெரிய வீடு வருமே என்றேன். “ராத்திரி அம்மா போன் பண்ணா பத்து நிமிஷத்துல வரணும்பா” என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே அந்தக் காலத்தில் சொத்து விற்றால் நோத்தேர் என்ற அதிகாரி முன்னால்தான் பத்திரம் எழுதுவார்கள். விற்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. மூலம் அவர் அலுவலகத்திலேயே இருக்கும். நமக்குக் கிடைப்பது நகல். இங்கே முறை வேறு. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்வார். விற்றவர்தான் உண்மையான உரிமையாளர் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. மூலப் பத்திரம் நம் பீரோவில் இருக்கும், கவலையும் நம்முடையதே. ஆகவே அந்த நோத்தேர் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வக்கீல் ஒருவரையும் வைத்துக்கொண்டோம்.

முதலில் பார்த்தது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்தில். விலை சல்லிசாக இருந்தது. விசாரித்தால் கோயில் மனை. கட்டடம் நமக்கு, நிலம் கோயிலுக்கு, மாதா மாதம் தரை வாடகை. அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் அந்த நிலம் கைமாறாது. வந்துவிட்டோம்.

அடுத்து கோட்டூர்புரத்தில் ஒரு தரைத்தள வீடு. புதுச் சுண்ணாம்பு பளபளத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டேன். அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

மூன்றாவது தி.நகர் வீடு. மகளுக்கு அதன்மேல் மனசு ஒட்டிக்கொண்டது. பால்கனியை ஒட்டி வேப்பமரம், நடந்து போகிற தூரத்தில் பனகல் பூங்கா. மறுநாள் காலை ஒரு லட்சம் முன்பணம் தருவதாகப் பேச்சு.

அன்று இரவு பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். மொத்த மனை இரண்டு கிரவுண்டு, 4800 சதுர அடி. பத்து வீடுகள். ஒவ்வொரு விற்பனைக்கும் எத்தனை சதுர அடி யூ.டி.எஸ். எழுதியிருக்கிறது என்று வரிசையாகக் குறித்துக் கூட்டினேன். 5140 வந்தது. கீழிருந்து மேலாக இன்னொரு தடவை கூட்டினேன். அதே 5140. இல்லாத 340 சதுர அடியை யாருக்கோ விற்றிருக்கிறார்கள். அது யாருடைய பங்கு என்பது கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளில்தான் தெரியும், அதுவும் கோர்ட்டில்.

காலையில் வக்கீலும் அதையே சொன்னார். தரகர், “சார், இதெல்லாம் பார்த்தா தி.நகர்ல வீடே வாங்க முடியாது” என்றார். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பென்சிலோடு வந்து, “எப்படிக் கூட்டினீங்க, காட்டுங்க” என்றாள். காட்டினேன்.

கடைசியில் அமைந்தது மந்தைவெளியில், இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. பத்திரத்தில் 780 சதுர அடி. டேப் வைத்து அளந்தால் சுவருக்குள் 610. யூ.டி.எஸ். 520. இந்தத் தடவை எல்லா வீட்டுக் கணக்கையும் கூட்டிப் பார்த்தவள் அவள்தான். மனையின் அளவோடு சரியாகப் பொருந்தியது.

விலை 85 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7,65,000 ரூபாய். இதற்கு வங்கி கடன் தராது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு சதவீதத்தை நாம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டி, மீதியை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். அது 85,000. வங்கி 64 லட்சம் தந்தது. கையிருப்பெல்லாம் போக அவளுக்கு இன்னும் 10 லட்சம் குறைந்தது.

அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கு 10 லட்சம் இருந்தது. 8.2 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வரும். முழுவதையும் கொடுத்துவிடலாம், பத்தாததுக்கு நகையும் இருக்கு என்று நான் ஆரம்பித்தேன். மனைவி நிறுத்தினாள். “உங்களுக்கப்புறம் பென்ஷன் குறைஞ்சிடும். அப்ப நான் அவகிட்ட கையேந்தினா அவளுக்குத்தான் கஷ்டம்.” அவள் பெயரில் இருந்ததைத் தொடவில்லை. என் கணக்கை மட்டும் முடித்தேன். இரண்டு வருடம் தாண்டியிருந்ததால் முன்கூட்டி முடித்ததற்கு ஒரு சதவீதம், 10,000 ரூபாய் பிடித்தார்கள்.

பணத்தை வங்கி மூலமே அனுப்பி, அன்பளிப்பு என்று ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்திட்டேன். பெற்றோர் தருவதற்குப் பிள்ளைக்கு வருமான வரி இல்லை; ஆனால் தாள் இருக்க வேண்டும். பிரான்சில் இருக்கும் மகனுக்கும் தொகையைச் சொல்லிவிட்டோம். பின்னால் யார் வாயிலிருந்தாவது அவன் கேட்கக் கூடாது. “நல்லது, செய்யுங்கப்பா” என்றான்.

பத்திரத்தில் என் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். நான் சம்மதிக்கவில்லை. எனக்குப் பிறகு வாரிசுச் சான்று, அண்ணன் கையெழுத்து என்று அவள் அலைய வேண்டாம். சம்பாதித்துக் கடன் கட்டுகிறவள் அவள். வீடும் அவள் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது அடுக்ககம் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வில்லங்கச் சான்றை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யூ.டி.எஸ். பத்தியைக் கூட்டுங்கள். அரைமணி நேரம் ஆகும். நாற்பது வருடம் நாம் ஆபீசில் செய்த வேலைதான்.