போனது என் கணக்கு

2024 மார்ச் கடைசியில் இரண்டு நாள் என் மகன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று தோசை ஒன்றாகக் குறைந்தது. கேட்டால், 'ஒண்ணுமில்லை.' பத்தொன்பது வயது, இன்ஜினீயரிங் முதல் வருடம். அந்த வயதில் ஒண்ணுமில்லை என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'காதல் தோல்வியா இருக்கும், நீங்க போய்ப் பேசுங்க' என்று அதற்குப் பொருள்.

மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாழ்க்கைல இதெல்லாம் சகஜம்டா..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, பால்டர்ஸ் கேட் நாலாவது பார்ட்டை லேரியன் பண்ணப்போறதில்லையாம்" என்றான்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு நிம்மதி. அதற்குப் பிறகு எரிச்சல். ஏதோ ஒரு வீடியோ கேம். அதற்கா ஒரு வீடே இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தது?

நான் பி.காம். கேம் ஆடத் தெரியாது. ஆனால் லாபம் என்றால் புரியும். "ஏன், மூணாவது பார்ட் ஓடலையா?" என்று கேட்டேன்.

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஓடலையாவா? 2023ல வருஷத்தோட பெஸ்ட் கேம் அவார்டு அதுக்குத்தாம்ப்பா!"

ஓடுகிற குதிரையிலிருந்து ஒருவன் தானாக இறங்குகிறான் என்றால் அவன் பைத்தியமாக இருக்க வேண்டும். அல்லது நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

லேரியன் ஸ்டூடியோஸ், பெல்ஜியத்தில் கென்ட் என்கிற ஊரில் இருக்கும் கம்பெனி. 1996ல் ஸ்வென் விங்கே என்பவர் ஆரம்பித்தது. ரொம்ப நாள் கஷ்ட ஜீவனம்தான். 2013ல் ஒரு கேமை முடிப்பதற்காக இணையத்தில் ரசிகர்களிடம் துண்டேந்தி, ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். கிட்டத்தட்ட நம் ஊர் கோயில் திருப்பணிக்கு ரசீது புத்தகம் போடுகிற மாதிரி. அப்படி வளர்ந்தவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு கிடைத்தது. 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உலகத்தில் நடக்கிற 'பால்டர்ஸ் கேட்' கதையின் மூன்றாம் பாகம். உரிமை, மோனோபொலி விற்கிற ஹாஸ்ப்ரோ குடும்பத்துக்குச் சொந்தம். 2000ல் இரண்டாம் பாகம் வந்ததோடு நின்று போயிருந்த கதை. 2023 ஆகஸ்டில் மூன்றாவது வெளியானது. டிசம்பரில் விருது வாங்க விங்கே மேடையேறியபோது கோட் சூட்டில் வரவில்லை. போர்வீரன் மாதிரி இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு படம் ஓடினால் ஐம்பதாவது நாள் போஸ்டர் ஒட்டுவதற்குள் இரண்டாம் பாகத்துக்கு டைட்டில் யோசிக்கிற ஊர் நம்முடையது. அவர்களும் மனிதர்கள்தானே? அவர்களும் ஆரம்பித்தார்கள். மேற்கொண்டு கதை எழுதி, கொஞ்சம் விளையாடிப் பார்க்கிற அளவுக்கு வேலையும் நடந்தது. ஆனால் மனசு ஒட்டவில்லை. வேலை நடக்கிறது, ஆள் அதில் இல்லை. ஒருநாள் விங்கே எல்லோரையும் கூட்டி, இதை நாம் செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். கோபப்படுவார்கள் என்று பயந்துகொண்டேதான் சொன்னாராம். எதிரே இருந்தவர்கள் முகத்தில் தெரிந்ததோ சந்தோஷம். எல்லோர் மனசிலும் அதேதான் இருந்திருக்கிறது, ஒருவர் வாய் திறக்கக் காத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் தயாரிப்பாளர்கள் மாநாட்டில் உலகத்துக்கும் அறிவித்தார். என் வீட்டில் தோசை குறைந்தது அதனால்தான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' தெரிந்திருக்கும். தமிழில் மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவாகிவிட்டது, என்ன செய்தாலும் திரும்பி வராது. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது பாடம். இனிமேல் ஆகப்போகிற செலவு எவ்வளவு, இனிமேல் வரப்போகிற பலன் எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி. கேட்க சுலபமாக இருக்கும். நடைமுறை எப்படி என்றால், 'பையனைப் பத்தி ஒரு மாதிரி சொல்றாங்களே, கல்யாணத்தை நிறுத்திடலாமா?' என்று பெண் வீட்டில் யாராவது மெதுவாகக் கேட்டால் வருகிற பதில்: 'அதெப்படி? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே!'

கேம் ஸ்டூடியோக்களின் மண்டப அட்வான்ஸ் சாதாரணத் தொகை இல்லை. ஒரு பெரிய கேமுக்கு ஐந்தாறு வருடம், நூற்றுக்கணக்கான ஆட்கள். அமெரிக்காவில் பிளிஸார்ட் கம்பெனி 'டைட்டன்' என்று ஒரு கேமை ஏழு வருடம் செய்தது. போதும் என்று கைவிட்டதை 2014ல் வெளியே சொன்னது. மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு அதே இடத்தில் ஒரு சின்ன குழு புதிதாக ஒன்றை ஆரம்பித்தது. அதுதான் 2016ல் வந்து ஓஹோ என்று ஓடிய 'ஓவர்வாட்ச்'.

கலிஃபோர்னியாவின் நாட்டி டாக் கதை வேறு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற கேமால் பெயர் வாங்கிய ஸ்டூடியோ. பலர் சேர்ந்து ஆன்லைனில் ஆடுகிற மாதிரி அதற்கு ஒரு வடிவம் செய்துகொண்டிருந்தார்கள். வருடக்கணக்கில் வேலை. 2023 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆன்லைன் கேம் என்பது வெளியிட்டதும் முடிகிற வேலை இல்லை. வருடக்கணக்கில் அதற்குத் தீனி போட வேண்டும். மொத்த ஸ்டூடியோவும் அதற்கே சேவகம் செய்ய வேண்டியிருக்கும், கதை சொல்லும் கேம்களுக்கு ஆள் இருக்காது. எது வேண்டும்? நாங்கள் கதை சொல்கிறவர்கள், கதையே சொல்கிறோம் என்றார்கள். அடுத்தது என்ன செய்வது என்ற கேள்விக்குள்ளே, நாம் யார் என்று இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

எல்லாரையும் விட சூப்பர்செல்தான் சூப்பர். 2010ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் ஆரம்பித்த கம்பெனி. 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' இவர்களுடையது. உங்கள் வீட்டில் ஒரு பையன் இருந்தால் உங்கள் போனில் அது இருந்திருக்கும். இவர்களிடம் ஒரு வழக்கம். ஒரு கேம் தேறாது என்று அதைச் செய்கிற குழுவே முடிவு செய்து நிறுத்தினால், ஷாம்பெய்ன் உடைத்துக் கொண்டாடுவார்கள். தோல்விக்காக இல்லை, அதில் கற்றுக்கொண்டதற்காக. ஐந்து வருடத்துக்கு மேல் எதையும் உலகம் முழுக்க வெளியிடாமல், செய்வதும் நிறுத்துவதுமாக இருந்துவிட்டு, 2024 மேயில் 'ஸ்குவாட் பஸ்டர்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எதிர்பார்த்த மாதிரி போகவில்லை. 2025 அக்டோபரில் அதையும் முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள்.

படித்ததும் புல்லரித்தது. விட்டுவிடுகிற தைரியம்தான் தைரியம் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குள்ளே இருக்கிற பி.காம். கையைத் தூக்கினான். 'சார், ஒரு சந்தேகம். அந்த ஷாம்பெய்னுக்கு யார் பில் கட்டறது?'

'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' கட்டுகிறது. 2012லிருந்து கொட்டிக்கொண்டிருக்கிற பணம் அது. பின்னால் அது இருக்கிறது என்பதால்தான் முன்னால் பத்தை உடைத்துப் போட முடிகிறது.

அது இல்லாதவர்கள் கதையும் இருக்கிறது. தக்காளி கிலோ நூறு ரூபாய் விற்றால் அடுத்த போகத்தில் எல்லோரும் தக்காளி போடுவார்கள். பறிக்கிற நேரத்தில் ரோட்டில் கொட்டுவார்கள். 'ஓவர்வாட்ச்' ஓடிய பிறகு அதே பாணியில் பலர் விதைத்தார்கள். அதில் ஒன்று 'கான்கார்ட்'. சோனியின் ஃபயர்வாக் ஸ்டூடியோ வருடக்கணக்கில் செய்து 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டது. ஆட ஆள் வரவில்லை. செப்டம்பர் 6 அன்று இழுத்து மூடி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினான்கே நாள். அக்டோபரில் ஸ்டூடியோவையே மூடுவதாக அறிவிப்பு. அங்கே யாரும் ஷாம்பெய்ன் உடைத்திருக்க மாட்டார்கள். மேஜையில் இருந்த குழந்தை போட்டோவை எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

இது எனக்குப் புதிய விஷயம் இல்லை. மறந்து போயிருந்த விஷயம்.

1998ல் பி.காம். முடித்ததும் திருச்சியில் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து சி.ஏ. படித்தேன். பகலில் மளிகைக் கடை, ரைஸ் மில் கணக்குப் புத்தகங்களுக்குப் பச்சை இங்க்கில் டிக் அடிப்பது. ராத்திரி படிப்பது. இன்டர் பரீட்சையில் இரண்டாவது குரூப் நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஊற்றிக்கொண்டது. முதல் முறை தோற்றபோதே எனக்குத் தெரியும், இது நம் ஆட்டம் இல்லை என்று. ராத்திரி படிக்கிற நேரத்தில் பாதி, பத்திரிகைகளுக்குக் கதை எழுதி அனுப்புவதில் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு வருஷம் போச்சே, ரெண்டு வருஷம் போச்சே, மூணு வருஷம் போச்சே! பி.காம். பரீட்சையில் சங்க் காஸ்ட்டுக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான்.

2001 ஜூலையில் நான்காவது ரிசல்ட் வந்தது. அப்பா தபால் ஆபீஸ் கிளார்க். அதிகம் பேச மாட்டார். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சாவது தடவை எழுதப் போறியா?"

"மூணு வருஷம் போயிடுச்சேப்பா."

கொஞ்ச நேரம் சுண்ணாம்பு தடவினார். பிறகு சொன்னார்: "போனதை என் கணக்குல எழுதிக்கறேன். இனிமே வர்றதை நீ பாரு. நான் ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு."

அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் சென்னைக்கு ரயில் ஏறினேன். ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை, மேன்ஷன் வாசம். மாதக் கடைசியில் அப்பாவிடமிருந்து மணியார்டர் வரும். இத்தனை வருடமாக அதை என் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வருட சர்வீஸ்தான் என்னுடைய கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். அது இல்லாமல் அதே ஆடிட்டர் ஆபீஸில் இன்றைக்கும் டிக் அடித்துக்கொண்டிருக்கிற நண்பன் ஒருவன் இருக்கிறான். என்னைவிட நன்றாகக் கதை எழுதுவான். அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

2025 ஜனவரி. மூன்றாவது செமஸ்டர் முடிந்து லீவுக்கு வந்த மகன், ராத்திரி ஹாலுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தான். இந்த முறை ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை.

"அப்பா, இன்ஜினீயரிங் எனக்கு ஒத்து வரலை. விட்டுடலாம்னு பார்க்கறேன்."

பெல்ஜியமும் ஃபின்லாந்தும் கரைத்துக் குடித்திருந்த என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"ரெண்டே கால் லட்சம் கட்டியிருக்கேன்டா!"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மூலையில் ஈஸி சேரில் அப்பா. எண்பது வயது. டி.வி.யில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது. வெற்றிலை வாசனைகூட வந்தது.

"சரி" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "போனது என் கணக்கு. இனிமே வர்றதை நீ பாரு. நான் ரிட்டயர் ஆக இன்னும் பத்து வருஷம் இருக்கு."

வசனம் திருட்டுதான். உரிமையாளர் பக்கத்திலேயே இருந்தார், ஆட்சேபிக்கவில்லை. டி.வி. சத்தத்தை மறுபடி கூட்டிக்கொண்டார்.

ஜூனில் மகன் வேறு கோர்ஸில் சேர்ந்தான். கேம் டிசைன், விஷுவல் கம்யூனிகேஷன் என்று ஏதாவது சொல்வான், மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்க வேண்டும் என்று இருந்தேன். அவன் தேர்ந்தெடுத்தது பி.காம்!

2025 டிசம்பரில் லேரியனும் அடுத்தது என்னவென்று அறிவித்தது. அவர்களே ஆரம்ப நாளிலிருந்து வளர்த்த 'டிவினிட்டி' உலகத்துக்கே திரும்பப் போகிறார்களாம். செய்தியைக் காட்டிய அன்று பையன் மூன்று தோசை சாப்பிட்டான். நல்ல மூடில் இருக்கிறானே என்று, "காஸ்ட் அக்கவுண்டிங்ல சங்க் காஸ்ட்னு ஒரு பாடம் வரும். வந்ததும் சொல்லு, நான் நடத்தறேன்" என்றேன்.

"வேணாம்ப்பா" என்றான் நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டியபடி. "அதுல நீங்க தியரில மட்டும்தான் பாஸ். பிராக்டிகல் நான் தாத்தாகிட்ட கத்துக்கறேன்."