ஆடியில் போட்ட சந்தாக் கணக்கு

ஆடி 1, கடலூர்

ஸ்டாக் வீடியோ என்பது யாரோ, எங்கோ எடுத்துவைத்த பத்து இருபது விநாடித் துண்டுக் காட்சி. நகரும் மேகம், சிரிக்கும் மருத்துவர், மேலிருந்து பார்த்த கடற்கரை, குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள் போன்றவை. கல்யாண வீடியோவிலும் கடை விளம்பரத்திலும் சொந்தக் காட்சி போதாத இடத்தை இதை வைத்து அடைக்கிறார்கள். ஷட்டர்ஸ்டாக், பாண்ட்5 போன்ற தளங்களில் துண்டு ஒன்றுக்கு விலை கொடுத்து வாங்கலாம். ஸ்டோரிபிளாக்ஸ், என்வாட்டோ எலிமெண்ட்ஸ், ஆர்ட்கிரிட் போன்றவை மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தொகை கட்டினால் அள்ளிக்கொள்ளலாம் என்கின்றன. மலிவுச் சந்தா என்று ஸ்டுடியோக்காரர்கள் பேசிக்கொள்வது இந்த இரண்டாவது வகையைத்தான்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியிலும் மார்கழியிலும் அதே நிலைதான். கல்யாணத்தை மட்டும் நம்பியிருக்கும் ஸ்டுடியோவுக்கு ஆண்டுச் சந்தாவில் கால் பங்கு இந்த மூன்று மாதங்களிலேயே கரைந்துபோகும். துணிக்கடை, நகைக்கடை விளம்பரம் செய்பவருக்குக் கணக்கு தலைகீழ். ஆடித் தள்ளுபடியும் புரட்டாசியில் தொடங்கும் தீபாவளி விளம்பரமும்தான் அவருக்கு அறுவடைக் காலம். ஆகவே சந்தா லாபமா நஷ்டமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, எந்த மாதத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆடி 3, கடலூர்

விலைப் பலகையில் மாதம் 15 டாலர் என்று பெரிய எழுத்தில் இருந்தால், ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை என்பது அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். மாதாமாதம் கட்டினால் ஏறக்குறைய இருமடங்கு வரை கேட்கும் தளங்களும் உண்டு.

டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 180 டாலர், அதாவது 15,300 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரிடம் வெளிநாட்டுத் தளம் 18 சதவீத வரி வசூலிக்க வேண்டும். அது 2,754 ரூபாய். பல வங்கிக் கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கும் தனியாக ஜிஎஸ்டி உண்டு. எல்லாம் சேர்ந்தால் 18,800 ரூபாய். மாதம் 1,275 என்று மனத்தில் பதிந்த தொகை கையைவிட்டுப் போகும்போது 1,560-ஐத் தாண்டிவிடுகிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவருக்குக் கொஞ்சம் மலிவு.

இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. தானாகப் பிடித்துக்கொள்ள ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவையில்லை. 24 மணி நேரத்துக்கு முன்பு வங்கி தகவல் அனுப்பினால் போதும். 2022-இல் ரிசர்வ் வங்கி இந்த வரம்பை 5,000 ரூபாயிலிருந்து உயர்த்தியது. மாதச் சந்தா இந்த வரம்புக்குள் வருவதால் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மேலே சொன்ன ஆண்டுச் சந்தா வரம்பைத் தாண்டுவதால் புதுப்பிக்கும்போது ஓடிபி கேட்கும். மாதச் சந்தா எடுப்பவர், எடுத்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைப்பது நல்லது.

ஆடி 6, சிதம்பரம்

உள்ளூர் வேலைக்குத் தேவையான காட்சிகள் இந்தக் கிடங்குகளில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. கோயில் என்று தேடினால் தாய்லாந்தும் பாலித் தீவும் முன்னால் வருகின்றன. இந்தியக் கல்யாணம் என்று தேடினால் குதிரையில் வரும் மாப்பிள்ளையும் ஷெர்வானியும்தான். காசி யாத்திரைக்குக் குடை பிடித்துப் புறப்படும் மாப்பிள்ளையைக் காண்பது அரிது. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் தவில்காரரின் கை ஓடும் வேகத்தை எந்தச் சந்தாவும் தராது.

பிச்சாவரம் விஷயம் வேறு மாதிரி. சுரபுன்னையின் முட்டுவேர்களும் அவற்றுக்கு இடையே ஓடும் நீரும் உலகத்துச் சதுப்புக்காடுகள் பலவற்றில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். மேலிருந்து எடுத்த வெளிநாட்டுத் துண்டு இரண்டு விநாடி வந்து போனால் சென்னைக்காரர் கண்டுபிடிக்க மாட்டார். பக்கத்துக் கிள்ளைக்காரர் கண்டுபிடிப்பார். படகு சட்டத்துக்குள் வந்துவிட்டால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்தில் பிச்சாவரத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்தக் கால்வாய்கள் சொந்த ஊர்த் தெரு மாதிரி.

மழை, மின்னல், கடல் அலை, வானம் எல்லாம் எங்கிருந்து வந்தாலும் செல்லும். ஆனால் ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சொல்லும்போது செல்லாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரை கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலாவையும் முந்திரியையும் பற்றிய படத்தில் வேறு நாட்டுப் புயல் காட்சியைச் சேர்ப்பது மோசடி. 2004 சுனாமிக்கும் இதே விதிதான். ‘சித்தரிப்புக் காட்சி’ என்று மூலையில் எழுதிவிட்டால் சட்டம் விடலாம். தேவனாம்பட்டினத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பம் விடாது.

ஆடி 9, கடலூர்

மேல்நிலைச் சந்தாவுக்கு அழைக்கும் தூண்டில் 4கே. அது 3,840 பிக்சல் அகலம். கல்யாண மண்டபத்து எல்இடி திரையின் கணக்கு இப்படி இருக்கிறது: பி3.91 வகைப் பலகை ஒன்று அரை மீட்டர் சதுரம், அதில் 128-க்கு 128 பிக்சல். எட்டுப் பலகையை வரிசையாக அடுக்கினால் நான்கு மீட்டர் அகலத் திரை, மொத்தம் 1,024 பிக்சல். முழு எச்டி என்பதே 1,920. அதாவது திரைக்கு எச்டியே அதிகம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சொல்லவே வேண்டாம். பெரிதாக்கி வெட்டி எடுக்க வேண்டிய விளம்பர வேலை தவிர மற்றவற்றுக்கு 4கே வீண். ஹார்ட் டிஸ்க்தான் நிரம்பும்.

பிரேம் வேகம்தான் தொல்லை. உள்ளூரில் 25 அல்லது 50 பிரேமில் எடுக்கிறார்கள். கிடங்குத் துண்டுகளில் 24-உம் 30-உம் நிறைய. 24-ஐ 25 ஆக ஓட்டினால் வித்தியாசம் தெரியாது. 30-ஐ 25-க்குள் திணித்தால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் விட்டுவிட்டு இழுக்கும்.

ஆடி 13, சிதம்பரம்

லைசென்ஸ் வாசகங்களை யாரும் படிப்பதில்லை. சந்தா முடிந்த பிறகு இறக்கிவைத்த துண்டுகள் என்னவாகும் என்பது அங்கேதான் இருக்கிறது. என்வாட்டோ எலிமெண்ட்ஸில் ஒவ்வொரு பயன்பாட்டையும் ஒரு வேலையின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். சந்தா இருந்தபோது முடித்த வேலைக்குப் பிரச்சினை இல்லை; முடிந்த பிறகு பழைய துண்டைப் புது வேலையில் சேர்க்கக் கூடாது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் இறக்கிக் குவித்துவிடலாம் என்ற யோசனை இங்கே பலிக்காது.

‘எடிட்டோரியல்’ என்று குறித்த துண்டு செய்திக்கும் ஆவணப்படத்துக்கும் மட்டும், விளம்பரத்துக்கு ஆகாது. மருத்துவமனை விளம்பரத்தில் ஒரு மாடலைச் சர்க்கரை நோயாளியாகக் காட்டுவதையும், ஏதாவது கட்சிக்கு ஆதரவாளராகக் காட்டுவதையும் பல லைசென்ஸ்கள் தடுக்கின்றன. உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் வேட்பாளருக்கு வீடியோ செய்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இசைக்குத்தான் உண்மையில் சந்தா உதவுகிறது. யூடியூபில் ஏற்றும் கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு இருந்தால் உரிமைக் கோரிக்கை வரும். விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் வீடியோவே முடங்கும். பல சந்தாக்களில் இசையும் டைட்டில் டெம்ப்ளேட்டுகளும் சேர்ந்தே வருகின்றன. யூடியூப் சேனல் நடத்துபவர் வீடியோவைவிட இவற்றுக்காக எடுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆடி 18, வல்லம்படுகை

கொள்ளிடக் கரையில் ஆடிப்பெருக்கு. காதோலை, கருகமணி, மஞ்சள், பூ, விளக்கு. புதுத் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள். தண்ணீரில் இறங்கி நிற்கும் பிள்ளைகள். கேமராவோடு வந்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் கிடைப்பது அடுத்த பல ஆண்டுகளுக்கு உதவும். முகம் தெளிவாகத் தெரியும்படி எடுத்தால் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். விளம்பரத்தில் போடுவதாக இருந்தால் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

இப்படிச் சேர்க்க வேண்டியவை கடலூர், சிதம்பரம் இரு ஊரிலும் நிறைய. சில்வர் பீச்சில் சூரியோதயம், முதுநகரில் மீன் ஏலம், சிதம்பரம் கோயிலில் காலை வெயில் படும் கீழைக் கோபுரம், ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் ஓடும் தேர், சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலிக் கூட்டம். சன்னதிக்குள் கேமரா கூடாது; வீதியில் கிடைப்பதே போதும். கோப்பின் பெயரில் இடம், தேதி, பிரேம் வேகம் மூன்றும் இருந்தால்தான் பிற்பாடு தேடிப் பிடிக்க முடியும். அப்படிச் செய்யாமல் விட்டதால், கைவசம் இருக்கும் காட்சியையே இணையத்தில் தேடி இறக்கும் ஸ்டுடியோக்கள் உண்டு.

ஆடி 20, கடலூர்

மேகம், நகரத்து இரவு, மருந்துக் குப்பி போன்ற பொதுக் காட்சிகளைப் பெக்ஸெல்ஸ், பிக்சாபே, மிக்ஸ்கிட் ஆகிய தளங்கள் இலவசமாகத் தருகின்றன. முதல் இரண்டையும் 2019-இல் கேன்வா வாங்கியது. அங்கே கிடைக்கும் துண்டு ஊருக்கெல்லாம் கிடைக்கும் என்பது ஒரு குறை. ஒரே சிரிக்கும் குடும்பம் மனை விற்பனை விளம்பரத்திலும் பள்ளிச் சேர்க்கை விளம்பரத்திலும் ஒரே வாரத்தில் உள்ளூர் கேபிளில் வரலாம். ஆனால் காசு கட்டும் மலிவுச் சந்தாவிலும் இந்தக் குறை நீங்குவதில்லை.

முடிவு செய்ய நினைப்பவர் போன ஆண்டு முடித்த வேலைகளின் டைம்லைனைத் திறந்து, வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த துண்டுகளை எண்ண வேண்டும். இலவசத் தளத்திலோ சொந்த டிஸ்கிலோ கிடைத்திருக்கக் கூடியவற்றைக் கழிக்க வேண்டும். மீதியை 18,800-க்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். கல்யாண ஸ்டுடியோவுக்கு இந்த மீதி மிகச் சொற்பம். அதற்குச் சந்தா வேண்டாம். அவ்வப்போது விளம்பரம் செய்பவர் வேலை வரும்போது ஒரு மாதம் மட்டும் எடுத்து, அந்தச் செலவை வாடிக்கையாளரின் பில்லில் தனி வரியாகச் சேர்க்கலாம். ஆண்டுச் சந்தா வாராவாரம் விளம்பர வேலையோ யூடியூப் பதிவோ உள்ளவருக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.