விருந்தும் மருந்தும்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் முன்னோர் வாக்கு. விருந்து விஷயத்தில் அதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. மருந்து விஷயத்திலோ அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து வருகிறார்கள். மாத்தளையில் நாம் போய்வரும் இல்லங்களில், காய்ச்சல் தணிந்ததும் மிச்சம் பிடித்து வைத்த அமொக்சிசிலின் குளிசைகள் இல்லாத அலுமாரி அரிது. அடுத்த முறை பிள்ளைகளுக்கு உதவுமாம்!

சுற்றியுள்ள தோட்டங்களில் கதை வேறு. ஒரு நாள் படுத்தால் அன்றைய பேர் விழாது. வைத்தியசாலை வரிசையில் அரை நாள் நிற்பதிலும் பார்க்க, டவுன் மருந்துக் கடையில் ‘நாலு குளிசை’ வாங்கி விழுங்கிவிட்டு மலைக்குப் போவதே அங்குள்ளவர்களுக்குக் கட்டுபடியாகிறது. வைத்தியரின் சீட்டின்றி இவற்றை விற்பது சட்டவிரோதம், எனினும் கிடைக்கிறது. வாங்குபவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விற்பவரை அப்படி விட்டுவிட முடியாது.

நாலு குளிசையால் என்ன நேரும்? சாதாரணத் தடிமன் வைரசால் வருவது. அதனிடம் இம்மருந்து செல்லாது. ஆனால் உடலில் ஏற்கனவே குடியிருக்கும் பக்டீரியாக்களில் எளியவை மடிய, மருந்தைத் தாங்கவல்லவை தப்பிப் பெருகும். போதாத அளவில் பெனிசிலினை உண்டால் இவ்வாறு நேருமென்று, அதைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945இல் தம் நோபல் பேருரையில் எச்சரித்தார். மருந்தை எத்தனை நாள் உண்பது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். சில நோய்களுக்கு இப்போது அவர்களே நாட்களைக் குறைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆயினும் அது பழமொழியைப் பார்த்துச் செய்த முடிவன்று.

பிளெமிங் அஞ்சியது எவ்வளவு தூரம் மெய்யாகிவிட்டது என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமி. இத்துறையாரின் வேலை பொறுமையைச் சோதிப்பது. நோயாளியிடமிருந்து பெற்ற கிருமியைக் கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். பலிக்காவிடில் கிருமி வில்லையின் விளிம்புவரை படர்ந்து நிற்கும். பிற மருந்துகள் கைவிட்ட பின் வைத்தியர்கள் எடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கவல்ல ‘என்.டி.எம்.-1’ என்னும் நொதியைத் தாங்கிய கிருமிகளைப் பற்றி, அவரை முதலாசிரியராகக் கொண்ட கட்டுரை 2010இல் லான்செற் தொற்றுநோய்ச் சஞ்சிகையில் வெளிவந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37 என்று கணக்கும் தந்திருந்தார்கள். அந்நொதிக்குப் புதுடில்லியின் பெயர் சூட்டப்பட்டிருந்ததால் இந்தியாவில் பெருங் கண்டனம் எழுந்தது. பெயரைப் பற்றிய சச்சரவில் பொருள் சிறிது காலம் மறைந்தே போயிற்று. 2012இல்தான் வைத்திய சங்கங்கள் சென்னையிலேயே கூடி, கடைகளில் சீட்டின்றி விற்பதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தக் கோரும் ‘சென்னைப் பிரகடன’த்துக்கு வழி கோலின.

இவ்வாற்றல் ஓர் இனக் கிருமியிடமிருந்து வேறோர் இனத்துக்கும் கைமாறக்கூடியது. கடலா அதைத் தடுக்கும்? இலங்கை வைத்தியசாலைகளிலும் கார்பபெனெமுக்கு அடங்காத கிருமிகள் கண்டறியப்பட்டுள்ளன. வார்ட்டில் அவை ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் பெரும்பாலும் கைகளிலேயே பிரயாணம் செய்கின்றன. 1847இல் வியன்னாவில் செமெல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவ வார்ட்டுக்குள் நுழையுமுன் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். நூற்றுக்கு 18 என்றிருந்த தாய்மாரின் மரணம் சில வாரங்களில் 2 அளவுக்கு இறங்கியது. சகாக்களோ அவரை ஏளனம் செய்தார்கள்.

நம் ஊரில் தாதிமார் கைகழுவினாலும், பார்வையாளர் நேரத்தில் திரளும் உறவினர் கழுவுவதில்லை. சோற்றுப் பார்சலும் கைக்குழந்தையுமாகப் பத்துப் பேர் வந்து கட்டிலில் அமர்ந்தால்தான் பாசம் என்று கணக்கு. சென்ற ஆண்டு எம் மைத்துனருக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது, நாளுக்கு இருவர் மாத்திரம், அதுவும் கைகழுவி நின்றபடியே பார்த்து வருவதென்று வீட்டில் தீர்மானித்தோம். பெரியம்மாவுக்கு இன்றும் மனம் ஆறவில்லை. “நின்றபடி பார்த்துவிட்டு வர அது என்ன, பொலிஸ் நிலையமா?” என்கிறார்.